மட்டாஞ்சேரிக்கு ஒரு பேரி மரம் தேடி

1962, தை மாதத்தின் முதல் வாரம். குன்னூர் ரயில் நிலையத்தில் பிற்பகல் வண்டிக்காக நின்றபோது என்னிடம் ஒரு துணிப்பையும் ஒரு பிஸ்கட் தகர டப்பாவும் இருந்தன. பையில் இரண்டு சேலைகள். டப்பாவில் ஓடைக்கரைப் பாறையில் சுரண்டி எடுத்த ஈரப்பாசி, ஒரு உருண்டை தேன்மெழுகு, ஒட்டுக்கட்டும் கத்தி. வழியனுப்ப வந்த அப்பா டப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வெய்யிலுக்கு அது எப்பவோ கருகிப் போயிருக்கும் அம்மிணி. பேசாம நாட்டுப் பேரியக் கட்டி வித்தரலாம்."

"பார்க்காமலே சொல்றீங்க."

"நீ பார்க்காமலே போறயே?"

வண்டி வந்துவிட்டது.

பேரி மரம் வளர்க்காதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நல்ல பேரிப் பழத்தின் விதையை நட்டால் மரம் வரும். அந்தப் பழம் வராது. எப்படிப்பட்ட காய் காய்க்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதே பழம் வேண்டுமானால் அந்த மரத்தின் குச்சியையே வெட்டி, காட்டுப் பேரியின் இளஞ்செடி மேல் ஒட்டுக்கட்ட வேண்டும். கீழே வேர் காட்டுக்கு உரியது. மேலே கிளை தோட்டத்துக்கு உரியது. கீழே இருப்பதை நாங்கள் அடிச்செடி என்போம்.

அப்பா முன்பு தோட்ட வேலை பார்த்த பங்களாவில் ஒரே ஒரு பேரி மரம் இருந்தது. ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி வைத்தது. அதன் ஆங்கிலப் பெயர் எங்களுக்குத் தங்கவில்லை. துரைசாணிப் பேரி என்றே சொல்வோம். காயாகப் பறித்து வைக்கோலில் வைத்தால் இரண்டு வாரத்தில் பழுக்கும். கடித்தால் பல்லுக்கு வேலை இல்லை, அப்படியே கரையும். உதிர்ந்த காய்களை எடுத்துக்கொள்ள அப்பாவுக்கு அனுமதி இருந்தது. அவற்றை விற்றுத்தான் எனக்குச் சிலேட்டும் பிறகு புத்தகமும் வந்தன. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். பத்தாவது தேறினேன், இன்று குன்னூரில் சிறுபிள்ளைகளுக்கு ஆசிரியை. இதை எங்கே சொன்னாலும் நிமிர்ந்துதான் சொல்வேன்.

பங்களா கைமாறியது. புதிதாக வந்தவர்கள் மோட்டார் நிறுத்தக் கொட்டகை போட மரத்தை வெட்டினார்கள். அப்பா ஊரில் இல்லாத நேரம்; திரும்பி வந்தபோது கிளைகள் அடுப்பில் எரிந்து முடிந்திருந்தன. அதற்குப் பிறகுதான் எங்களுக்கென்று ஒரு சரிவு நிலம் வாங்கி நாற்றங்கால் போட்டோம். அடிச்செடிகள் விரல் கனத்துக்கு வளர்ந்துவிட்டன. ஒட்டுக்கட்டத் தையும் மாசியும்தான் பருவம். எதை ஒட்டுவது?

அப்போதுதான் அப்பாவுக்கு நினைவு வந்தது. மரம் நின்றபோது, பத்து ஆண்டுகளுக்கு முன், ஒரு முறை மூன்று ஒட்டுகள் கட்டினார். இரண்டு பட்டுப்போயின. மூன்றாவதை மட்டாஞ்சேரிச் சுக்குத் தரகர் ஒருவர் கெஞ்சி வாங்கிப் போனார். நெஞ்சு நோய்க்குச் சிகிச்சைக்காக அவர் மனைவி குன்னூரில் தங்கியிருந்தாராம். தரகர் அப்போது கொடுத்துப் போன முகவரிக்கு நான் தமிழில் எழுதினேன். பதில் மலையாளத்தில் வந்தது. கடைத்தெரு சாயாக்கடைச் சேட்டன் படித்துச் சொன்னார்: "தரகர் மரிச்சுப் போயி. மரம் உண்டு. நல்ல சுகமாயிட்டு உண்டு. வந்து காணச் சொல்லி எழுதியிருக்கு."

மரம் உண்டு. அந்த இரண்டு சொல்லை நம்பி, எல்லாத் தோட்டத்திலும் கிடைக்கும் நாட்டுப் பேரியை ஒட்டவிடாமல் அப்பாவைத் தடுத்து வைத்துவிட்டு நான் கிளம்பினேன்.

மேட்டுப்பாளையம் வரை பதினேழு மைல் இறக்கம். கல்லாறு தாண்டும்போதே கம்பளிச் சட்டையைக் கழற்றிப் பையில் திணித்தேன். போத்தனூரில் கொச்சி வண்டிக்கு மாறினேன். பெண்கள் பெட்டியில் எதிரே இருந்த திருச்சூர் அம்மாள் ஒருவர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டியபடி விசாரணையைத் தொடங்கினார்.

"ஒற்றைக்கா யாத்திரை? கல்யாணத்துக்கா?"

"இல்லைங்க. ஒரு மரத்தைப் பார்க்கப் போறேன்."

"மரத்தையா!" அவர் பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த தங்கையைத் தட்டி எழுப்பினார். "எடீ, கேட்டியா? எல்லாரும் பெண்ணைப் பார்க்கத்தான் வரும். இந்தக் குட்டி மரத்தைப் பார்க்கப் போகுது."

தங்கை கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "மரத்துக்கு உத்தியோகம் உண்டா?"

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் டப்பாவை மடியிலிருந்து இறக்கவில்லை.

விடிந்தபோது வண்டி தண்ணீருக்கு நடுவே போவது போல இருந்தது. துறைமுகத் தீவின் நிலையத்தில் இறங்கினேன். கப்பல்களை அதுவரை பாடப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். புத்தகத்தில் அவை துருப்பிடிப்பதில்லை. இங்கே சிவப்பாகத் துரு வடிந்து நின்றன. தை மாதக் காலையில் எங்கள் ஊரில் பேசினால் வாயிலிருந்து புகை வரும். இங்கே எனக்கு முதுகு நனைந்துவிட்டது. இந்தக் காற்றில் ஒரு பேரி மரம் பத்து ஆண்டுகளாக உயிரோடு இருக்கிறதா என்று முதல் முறையாகச் சந்தேகம் வந்தது.

மட்டாஞ்சேரிக்குப் படகுக் கட்டணம் பத்து நயா பைசா. கரை நெருங்குமுன்பே மணம் வந்தது: மிளகு, சுக்கு, கொப்பரை, நனைந்த கயிறு, இவற்றுக்கெல்லாம் அடியில் சேறு. படகுத் துறையிலிருந்து கடைவீதி நெடுக இருபுறமும் சரக்குக் கிடங்குகள். கைவண்டிகள் மூட்டைகளோடு வழிகேட்டுக் கத்திக்கொண்டு போகின்றன. ஒரு கிடங்கு முற்றத்தில் பெண்கள் வரிசையாக அமர்ந்து சுக்கு தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நூறடி நடப்பதற்குள் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் நான்கும் என் காதில் விழுந்தன. வழி கேட்டது தமிழில், பதில் வந்தது மலையாளத்தில், இருவருக்கும் புரிந்தது.

சுக்குக் கிடங்கு ஒன்றின் பின்சந்தில் இருந்தது அந்த வீடு. கதவைத் திறந்தவர் தங்கம்மாள், தரகரின் மனைவி. ஐம்பது வயதைத் தாண்டியவர். மூன்று தலைமுறைக்கு முன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டில் பேச்சு தமிழ், எழுத்து மலையாளம்.

"வா மோளே. ஆறுமுகத்தோட பொண்ணா? நீயா லெட்டர் எழுதினது? எந்தா ஒரு கையெழுத்து! எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியல, ஒருத்தர் வாசிச்சுத் தந்தார், ஆனா நோக்கிட்டே இருந்தேன்." சாயா வந்தது. அது ஆறுவதற்குள் அவரே எழுந்துவிட்டார். "முதல்ல மரம் காணணும் உனக்கு. வா வா."

கொல்லையில் மரம் நின்றது. கூரைக்கு மேலே போன மரம். அடியில் சிமெண்டு வட்டம் கட்டி மண் நிரப்பி, மண்ணுக்கு மேல் சிப்பி ஓடுகள் பரப்பியிருந்தார்கள். இலை அடர்த்தி, நல்ல பச்சை. மரத்தின் பக்கத்திலிருந்து குளியலறை மூலை வரை கம்பி கட்டி, சேலைகளும் வேட்டிகளும் திரைபோலத் தொங்கின.

"கிணத்து வெள்ளம் உப்பு. அதனால தெருப் பைப்பில வரிசை நின்னு, தினமும் காலம்பற ஒரு குடம் இதுக்கு. பக்கத்து வீட்டுக்காரி களியாக்கிச் சிரிப்பா: காய்க்காத மரத்துக்கு எந்தினாடீ பைப்பு வெள்ளம்னு. காய்க்கும்டீம்பேன். பத்து கொல்லம், பத்து வருஷம் ஆச்சு." அவர் தண்டைத் தட்டினார். "அவர் இதைக் குன்னூர்லேர்ந்து மடியில வச்சுக் கொண்டு வந்தார், கேட்டியா? அங்க எனக்கு ஒண்ணும் இறங்கல. கஞ்சி கூட. இந்தப் பழம் ஒண்ணுதான் இறங்கிச்சு. அதுதான்."

நான் ஒரு கிளையைத் தாழ்த்திப் பிடித்தேன். விரலில் முள் குத்தியது.

இன்னொரு கிளை. அங்கேயும் முள். இலை சிறியது, விளிம்பு முழுக்க நுண்ணிய பல். தொங்கிய துணிகள் வரை சுற்றி வந்தேன். கைக்கு எட்டியதெல்லாம் அப்படித்தான். எங்கள் ஊர் ஓடை ஓரத்தில் யாரும் வைக்காமலே முளைக்கும் காட்டுப் பேரி இது. மேலே ஒட்டியது சூட்டில் மெலிய, அடிச்செடி தன் பக்கத்திலிருந்து துளிர்விட்டு மரமாகிவிட்டது. ஒட்டின கணு சிமெண்டு வட்டத்துக்குள் புதைந்து கிடந்தது. அது கண்ணில் பட்டிருந்தால் யாராவது கீழ்த்துளிரைக் கிள்ளியிருப்பார்கள். கொல்லையைப் பார்த்துக்கொள்ள வைப்பின் தீவிலிருந்து படகில் வரும் வறீத் என்பவரிடம் கேட்டேன்.

"வெட்டும்போ எதை வெட்டுவீங்க?"

"மெலிஞ்சதை வெட்டும். தடிச்சதை விடும்," என்றார் பெருமையாக. "அதானே மரம் இப்படி வளர்ந்நது."

தென்னையும் மாவும் பலாவும் மட்டுமே அறிந்த ஊரில் அதுதான் நியாயம். இங்கே ஒரு மரத்துக்குள் இரண்டு மரம் இருக்காது.

தங்கம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மரம் என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் போய்விடலாம். ஆனால் அவர் நாளையும் குடத்தோடு தெருவில் நிற்பார். பழத்துக்காக நிற்பார்.

"அம்மா, இது அந்தப் பேரி இல்லை. அடியில இருந்த காட்டு மரம். மேல கட்டினது போயிடுச்சு."

வறீத் கத்தியைக் கீழே வைத்தார். தங்கம்மாள் மரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"பத்து கொல்லம் காட்டு மரத்துக்கா நான் வெள்ளம் கோரினது?"

"வேர் ஒண்ணுதாம்மா. ஆனா..."

"போதும். நீ படிச்ச பொண்ணு. ஆனா மரம் என்னோடது." உள்ளே போகும்போது திரும்பாமல் சொன்னார்: "நாளைக்கு உச்சைக்குப் படகு உண்டு."

இரவுச் சாப்பாட்டுக்குக் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் போட்டார். குறை வைக்கவில்லை. இன்னொரு துண்டு மீன் வைத்தார். பேச்சு மட்டும் வைக்கவில்லை. என் டப்பா மூலையில் மூடியபடி கிடந்தது. அதில் பாசி ஈரமாக இருக்கிறதா என்று கூட நான் பார்க்கவில்லை. ஊரில் அப்பா கத்தியைத் தீட்டி வைத்துக் காத்திருப்பார். கருகிப் போயிருக்கும் என்றுதான் அவர் சொன்னார். கருகவில்லை, வேறொன்றாக மாறி நிற்கிறது. எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை தங்கம்மாள் துவைத்த துணிகளை அண்டாவில் வைத்துக் கொல்லைக்கு எடுத்து வந்தார். நான் கேட்காமலே அண்டாவின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. கொடியில் நேற்றுக் காய்ந்தவற்றை உருவிக் கொடுத்துக்கொண்டே வந்தார். ஒரு நீலச் சேலை நீளமாகத் தொங்கி முள் கிளையைத் தொட, நான் பதறி இழுத்தேன்.

"நோக்கி எடு. முதல்ல அந்தப் பக்கத்துக் கிளையிலதான் கொடி கட்டினோம். ரெண்டு சேலை கீறிடுச்சு. அதனால இந்தக் கிளைக்கு மாத்தினது. இதுல முள் இல்ல."

நான் கையிலிருந்த சேலையை அண்டாவில் போட்டேன்.

"எந்தக் கிளையில முள் இல்லை?"

அவர் கடைசி வேட்டியை உருவினார். திரை விலகியது. சிமெண்டு வட்டத்தின் விளிம்பை ஒட்டி, தனியாகப் பிரிந்து, குளியலறைப் பக்கமாகச் சாய்ந்து ஒரு கிளை வெளியே வந்திருந்தது. மணிக்கட்டு கனம். அதில் கம்பி இறுகி, பட்டை இருபுறமும் உப்பியிருந்தது. இலைகள் குறைவு, பல இலைகளில் கரும்புள்ளி. ஆனால் அகலமான, மினுங்குகிற இலைகள், நீளக் காம்பில். நுனி முதல் அடி வரை விரலை ஓட்டினேன். ஒரு முள் இல்லை.

எங்கள் பங்களா மரம்.

"வறீத்து சேட்டா," என்றேன். அவர் அப்போதுதான் கொல்லைக்குள் வந்திருந்தார். "இவ்வளவு மெலிஞ்சு இருக்கே, இதை ஏன் வெட்டலை?"

"வெட்டான் போனது மோளே, ரெண்டு தடவை. கொடி கெட்டியிட்டுண்டு, தொட்டா கையை ஒடிக்கும்னு அம்மா பறஞ்ஞு."

தங்கம்மாள் வேட்டியை மார்போடு பிடித்தபடி நின்றார். "அப்போ அவர் கொண்டுவந்தது?"

"இதுதாம்மா. இதேதான்."

"அவர் மடியில வச்சுக் கொண்டுவந்ததுல நான் தினமும் சேலை காயப்போடுறேன்!" சிரிக்கத் தொடங்கினார், வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், மறுபடி சிரித்தார். "இதைக் கேட்டா அவர் சும்மா இருப்பாரா? எடீ, பழம் தின்னத் தந்தா முண்டு காயப்போட்டு உணக்கிறியான்னு கேப்பார்."

பிறகு அவருடைய கேள்வி வந்தது. வரும் என்று எனக்குத் தெரியும்.

"இனி காய்க்குமா?"

உண்மையைத்தான் சொன்னேன். பேரி மரத்துக்குக் குளிர் வேண்டும். எங்கள் ஊரில் மார்கழியில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக உறங்கும். உறங்கி எழுந்தால்தான் பூக்கும். இங்கே அது உறங்குவதே இல்லை. அதனால் பூக்காது.

"கொச்சியில யாரும்மா உறங்குறது? கப்பல் உறங்காது. கொதுகு நம்மளை உறங்க விடாது." அவர் கிளையைத் தடவினார். "எத்தனை வெட்டணும் உனக்கு?"

நுனிக் கிளைகள் அத்தனையும் வேண்டியிருந்தது. அவர் ஒரே ஒரு நுனியை விரலால் பிடித்து, "இது எனக்கு," என்றார். மற்றவற்றை வெட்டினேன். இலைகளைக் கிள்ளி, காம்பை மட்டும் விட்டு, வெட்டுவாயில் மெழுகு தேய்த்து, பாசியில் சுற்றினேன். இரவு முழுதும் கவனிக்காத பாசி ஈரமாகவே இருந்தது. பாசிக்கு மேல் வறீத் வாழைப்பட்டை சுற்றிக் கட்டிக் கொடுத்தார். கிளையை இறுக்கிய கம்பியையும் தளர்த்தி, நடுவில் ஒரு பழைய துணியை வைத்தோம்.

முள் மரத்தை அடியோடு வெட்டிவிட்டால் இந்தக் கிளை தேறும் என்றேன். தோட்டக்கலைப்படி அதுதான் சரி. தங்கம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை.

"பத்து கொல்லம் என் கையால வெள்ளம் குடிச்சது. நிக்கட்டும்."

நிழல் விழும் இரண்டு கிளைகளை மட்டும் வறீத் கழித்தார். நான் மேற்கொண்டு வாதாடவில்லை. அந்தக் காட்டு வேர் இல்லையென்றால் இந்த உப்பு மண்ணில் நல்ல கிளையும் இருந்திருக்காது, அதுவும் தோட்டக்கலைதான்.

உச்சிப் படகுக்குத் துறை வரை அவரே வந்தார். அடுத்த வீட்டு வாசலில் நின்ற பெண்ணிடம் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்: "நம்ம மரத்தோட குட்டி மலைக்குப் போகுது!" படகு நகர்ந்தபோது, "காய்ச்சா ஒண்ணு வைக்கோல்ல வச்சு அனுப்பு. காயா அனுப்பு, வர்ற வழியில பழுக்கட்டும்," என்றார். வைக்கோலில் வைப்பதை அவர் மறக்கவில்லை.

திரும்பும் வண்டியில் டப்பாவை வெயில் படாத பக்கம் வைத்து, அந்தப் பக்கமே உட்கார்ந்து வந்தேன். அடுத்த நாள் குன்னூரில் பனி. அப்பா வாழைப்பட்டையைப் பிரித்து, ஒரு குச்சியை நகத்தால் கீறினார். உள்ளே பச்சை. அவர் என்னைப் பார்க்காமல், "கத்தியக் கொண்டா," என்றார். உறங்காத ஊரிலிருந்து வந்த குச்சி, உறக்கத்தில் இருந்த அடிச்செடி. சேருமா என்று இருவருக்கும் பயம்தான். வந்த அன்றே ஒட்டி முடித்தோம். முக்கால்வாசி கருகின. பங்குனியில் பதினொன்று துளிர்த்தன.

மட்டாஞ்சேரியில் கீழ்த்துளிரைக் கிள்ளாமல் விட்ட மரம் முள் மரமானது. எங்கள் நாற்றங்காலில் அடிச்செடியிலிருந்து கீழ்த்துளிர் வந்தால் நான் அன்றன்றே கிள்ளிவிடுகிறேன். கிள்ளும்போதெல்லாம் தெருக்குழாயில் நிரம்பிய ஒரு குடம் நினைவுக்கு வருகிறது. கிள்ளத்தான் வேண்டும். ஆனால் இப்போது கொஞ்சம் நிதானமாகக் கிள்ளுகிறேன்.

கன்றுகளுக்குத் தகரத் துண்டில் பெயர் எழுதுவது என் வேலை. துரைசாணிப் பேரி என்று எழுதச் சொன்னார் அப்பா. நான் மட்டாஞ்சேரி என்று எழுதினேன். போன வாரம் கோத்தகிரியிலிருந்து கன்று பார்க்க வந்தவர் தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மட்டாஞ்சேரியில பேரி காய்க்குமாம்மா?"

"காய்க்காதுங்க," என்றேன். "அங்க ஒரு அம்மா வளர்த்தாங்க."